மெட்டாலிகாவைத் தொடர்ந்து ஐரோப்பா: ஒரே ஊரில் இரண்டு இரவா, ஊர் ஊராகவா?

கொங்கு_பேஸ் (கோயம்புத்தூர்)

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் எம்72 சுற்றுப்பயணம் 2026இல் மறுபடி ஐரோப்பாவுக்கு வருகிறது. மே 9 ஏதென்ஸ், 13 புக்காரெஸ்ட், 19 போலந்தின் ஹோஜூஃப், 22, 24 பிராங்க்பர்ட், 27 சூரிச், 30 பெர்லின், ஜூன் 3 பொலோனியா, 11, 13 புடாபெஸ்ட். அதற்கப்புறம் டப்ளின், கிளாஸ்கோ, கார்டிஃப், கடைசியாக ஜூலை 3, 5 லண்டன்.

நான் அவர்களை 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் பார்த்ததோடு சரி. அதற்கு இரண்டு நாள் முன்னால் குர்கானில் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தாகிவிட்டது. இதுவும் நடக்காதோ என்ற பயத்தோடுதான் ரயில் ஏறினோம். அன்றைக்கு ஊர் திரும்பும்போதே, ஒருநாள் இவர்கள் பின்னாலேயே ஊர் ஊராகப் போக வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. இப்போதுதான் கையில் கொஞ்சம் காசும் லீவும் சேர்ந்து வந்திருக்கிறது.

என் கேள்வி இதுதான். பிராங்க்பர்ட்டில் இரண்டு இரவும் பார்ப்பதா? அல்லது பிராங்க்பர்ட், சூரிச், பெர்லின், பொலோனியா என்று ஊருக்கு ஒரு இரவாகப் பார்ப்பதா? கூட வரும் நண்பன் இரண்டாவதுதான் சரி என்கிறான். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வடக்கு_வண்டி (ஹாம்பர்க்)

தம்பி, இரண்டு இரவு நடக்கும் ஊரில் ஒரு இரவு மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தச் சுற்றுப்பயணத்தின் அடிப்படையே அதுதான். 2023 ஏப்ரல் 27, 29 தேதிகளில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியபோதே சொல்லிவிட்டார்கள்: ஒரே ஊரில் இரண்டு இரவு, ஒரு பாட்டுகூடத் திரும்ப வராது. முன்னால் வாசிக்கிற குழுக்களும் இரண்டாம் இரவு மாறிவிடும். ஆம்ஸ்டர்டாமில் முதல் இரவு 'ஓரியன்' வைத்துத் தொடங்கினார்கள், 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வைத்து முடித்தார்கள். இரண்டாம் இரவின் முடிவு 'என்டர் சாண்ட்மேன்'. முதல் இரவு மட்டும் போனவருக்கு 'சாண்ட்மேன்' கிடையாது. யோசித்துப் பாருங்கள், 1991இலிருந்து அவர்களை உலகம் முழுக்கத் தூக்கிச் சென்ற பாட்டை ஒரு இரவு முழுக்கத் தொடாமல் விட ஒரு குழுவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

ஒற்றை இரவு ஊர்களின் கணக்கு வேறு. 2024இல் மிலான், வியன்னா எல்லாம் அப்படித்தான். இரண்டு பட்டியலிலிருந்தும் பேர்பெற்ற பாட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதுவும் நல்ல கச்சேரிதான், ஆனால் ஓரத்தில் கிடக்கும் பாட்டுகளுக்கு அங்கே இடம் குறைவு. நான்கு ஊரில் ஒற்றை இரவு பார்த்தால் அதே பத்துப் பன்னிரண்டு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரிடும்.

ரயில்சிநேகி (பெர்லின்)

வடக்கு அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். செட்லிஸ்ட்டை, அதாவது வாசிக்கும் பாட்டுகளின் பட்டியலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஊர் ஊராகப் போவதன் ருசியே தெரியாது. கூட்டம் ஊருக்கு ஊர் வேறு.

2018 ஏப்ரலில் பிராகில் என்ன நடந்தது என்று தெரியும்தானே? கிட்டார் வாசிக்கும் கிர்க்கும் பேஸ் வாசிக்கும் ராபும் மேடையில் தனியாக நிற்கிறார்கள். ராப் ட்ருகியோ செக் மொழியில் இவான் ம்லாடெக்கின் பாட்டைத் தொடங்குகிறார். சதுப்பு நிலத்துப் பூதத்தைப் பற்றிய பழைய வேடிக்கைப் பாட்டு அது, அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். முதல் வரியிலேயே அரங்கம் அதிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் பாடியது கூட்டம்தான், ராப் கூடவே ஓடிக்கொண்டிருந்தார். அதே மாதக் கடைசியில் கிராகோவில் போலந்துக் குழு ஜெமின் பாட்டு. அதற்கு முன் பிப்ரவரியில் மாட்ரிட்டில் ஸ்பெயின் குழு பாரோன் ரோஹோவின் பாட்டு. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பாட்டு ஒன்றைப் படித்துக்கொண்டு வந்து வாசித்தார்கள். அது வேர்ல்ட்வயர்ட் சுற்றுப்பயணம். நான் பிராகில் பார்த்துவிட்டுத்தான் கிராகோவுக்கு டிக்கெட் தேடினேன்.

அதனால் கொங்கு, உங்கள் நண்பர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

பழைய_கேசட் (சென்னை)

நான் எதிர்க்கட்சி. மெட்டாலிகா 2004இலிருந்தே தங்கள் ஒவ்வொரு கச்சேரியின் ஒலிப்பதிவையும் இணையத்தில் விற்கிறார்கள். பிராங்க்பர்ட் இரண்டு இரவும் சில நாளில் வீட்டுக்கே வந்துவிடும், அதுவும் மிக்ஸிங் செய்த சுத்தமான ஒலியில். ஸ்டேடியத்தில் எதிரொலிதான் மிச்சம். வார்சாவின் நரோடோவி அரங்கில் கூரையை மூடினால் ஒலி எப்படி இருக்கும் என்று அங்கே போன யாரையும் கேட்டுப் பாருங்கள். விசா, விமானம், ஹோட்டல் என்று லட்சக்கணக்கில் கொட்டுவதற்கு ஒரு நல்ல ஸ்பீக்கரும் ஒரு நல்ல பேஸ் கிட்டாரும் வாங்கலாம். கொங்கு பேஸ் வாசிக்கிற பையன் என்பதால் சொல்கிறேன்.

வடக்கு_வண்டி

கேசட் அண்ணா, அந்தப் பதிவுகளை நானும் வாங்குகிறேன், நிறையவே. ஆனால் இந்த மேடையைப் பதிவில் கேட்க முடியாது. அது வளையம். ஸ்டேடியத்தின் நட்டநடுவில் வளையமாக மேடை, வளையத்துக்கு உள்ளேயும் ஜனம். அதைத்தான் ஸ்நேக் பிட் என்கிறார்கள். சுற்றிலும் எட்டுக் கோபுரங்கள், அவற்றில் திரைகளும் ஸ்பீக்கர்களும். வளையத்தில் நான்கு இடங்களில் நான்கு டிரம் செட். டிரம்மர் லார்ஸ் ஒன்றில் சில பாட்டு வாசிப்பார், அது கீழே இறங்கிவிடும், வேறு பக்கத்தில் இன்னொன்று எழும்பி வரும்.

இதனால் நடப்பது என்னவென்றால், கச்சேரியின் கால் பங்கு நேரம் லார்ஸ் உங்கள் கண்முன்னால். அவர் மிதிக்கிற பெடலைப் பார்க்கலாம், மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம். மிச்ச நேரம் முதுகோ, தூரத்துத் தலையோதான். பாடகர் ஜேம்ஸ் மைக் மாற்றி மாற்றிச் சுற்றி வருவார். உங்கள் பக்கத்து மைக்குக்கு எந்தப் பாட்டில் வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நீங்கள் உயிராக நினைக்கிற பாட்டை அவர் சரியாக உங்களைப் பார்த்து நின்று பாடினால் அந்த இரவு உங்களுடையது. அதற்காகவே முதல் இரவு ஒரு பக்கம் நின்றால் இரண்டாம் இரவு எதிர்ப்பக்கம் போய் நிற்பேன்.

நான்கு பேருக்குமே அறுபது தாண்டிவிட்டது. கிர்க்குக்கு 63. இந்த வேகத்தில் இன்னும் எத்தனை வருஷம் வாசிப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நெய்தல் (ஆம்ஸ்டர்டாம்)

எங்கே நிற்பது என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் ஐந்தடிக்கும் குறைவு. ஸ்நேக் பிட்டுக்குள் நின்றேன், வளையத்துக்கு வெளியேயும் நின்றேன். குள்ளமானவர்களுக்கு உள்ளே அவ்வளவு சிலாக்கியம் இல்லை. சுற்றிலும் மேடை என்பதால் கூட்டம் முழுக்க நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பும், நீங்களும் திரும்பினால் புதிதாக ஒரு முதுகு. வெளியே வளையத்தை ஒட்டித் தடுப்புக் கம்பியில் இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். முன்னால் யாரும் இல்லை, சாயவும் இடம்.

வரிசையில் நிற்பது பற்றி. கதவு திறப்பதற்கு வெகுநேரம் முன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் மார்க்கரால் கையில் எண் எழுதுவார். அதிகாரபூர்வமானது ஒன்றும் இல்லை, ஆனாலும் எல்லாரும் அதை மதிப்பார்கள். ஊர் ஊராக வருகிறவர்கள் ஒருவரையொருவர் அந்த வரிசையில்தான் அறிவார்கள். ஆம்ஸ்டர்டாமில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு போர்த்துகீசியப் பெண்மணி, கழிப்பறைக்குப் போய் வரும்வரை என் பையைத் தன் பையோடு சேர்த்துக் கட்டி வைத்துக் காத்தார். அடுத்த மாதம் பாரிஸில் அவரே என்னைப் பார்த்துக் கை காட்டி இடம் பிடித்துக் கொடுத்தார். இதெல்லாம் ஒலிப்பதிவில் வராது கேசட் அண்ணா.

காதுக்கு அடைப்பான் கட்டாயம். நுரையில் செய்தது வேண்டாம், இசைக்கென்று வடிகட்டி வைத்துச் செய்வது கிடைக்கிறது, அதை வாங்குங்கள். லார்ஸுக்கே காதில் ஓயாத இரைச்சல் இருக்கிறது.

கொங்கு_பேஸ்

நெய்தல் அக்கா, ரொம்ப நன்றி. வடக்கு அண்ணா, 2024இல் நீங்கள் எந்த வழியாகப் போனீர்கள்? ஹெல்சின்கி, கோபன்ஹேகன் என்று இன்னொரு இழையில் எழுதியிருந்தீர்களே.

வடக்கு_வண்டி

ஆமாம் தம்பி. ஜூன் 7, 9 ஹெல்சின்கி, 14, 16 கோபன்ஹேகன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹெல்சின்கி ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு ஒரு வெள்ளைக் கோபுரம் உண்டு. உயரம் 72.71 மீட்டர். 1932 ஒலிம்பிக்கில் மத்தி யார்வினென் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிய தூரம் அது. எம்72க்கு வந்த கூட்டம் அந்தக் கோபுரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டே இருந்தது. ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தரை தாண்டும். விளக்குகள் பெரிதாக எடுபடவில்லை, ஆனால் கடைசி வரிசை முகம்கூடத் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் ஒரு ஸ்டேடியமே சேர்ந்து பாடுவதைப் பார்ப்பது தனி அனுபவம்.

அங்கிருந்து ஸ்டாக்ஹோமுக்கு விமானம் பிடிக்கவில்லை. மாலையில் கிளம்பி விடியற்காலை தாண்டிச் சேரும் கப்பலில் போனேன். மேல்தளம் முழுக்கக் கறுப்பு டி-ஷர்ட். ஸ்டாக்ஹோமிலிருந்து கோபன்ஹேகனுக்கு ரயில். அந்த வழியை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் 1986 செப்டம்பர் 26 இரவு மெட்டாலிகாவின் பஸ் கிளம்பியதும் ஸ்டாக்ஹோமிலிருந்து கோபன்ஹேகனுக்குத்தான். ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் கச்சேரி முடித்துவிட்டு வந்த பஸ். யாருக்கு எந்தப் படுக்கை என்று உள்ளே சீட்டுக்கட்டில் சீட்டு எடுத்தார்கள். அப்போது பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டனுக்கு ஸ்பேட் ஏஸ் விழுந்தது, கிர்க்கின் படுக்கையை எடுத்துக்கொண்டார். 27ஆம் தேதி விடியற்காலை டோரார்ப் என்ற சின்ன ஊர்ப்பக்கம் பஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. ஜன்னல் வழியாக வெளியே விழுந்த கிளிஃப் மேலேயே பஸ் சாய்ந்தது. வயது 24. சாலையில் உறைபனி இருந்தது என்றார் ஓட்டுநர். அந்தக் குளிரில் ஜேம்ஸ் அந்தச் சாலையிலேயே பனியைத் தேடி நடந்தார், கண்ணில் படவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ரயில் அங்கே நிற்காது. அல்வெஸ்டாவில் இறங்கி யுங்பி என்ற ஊருக்கு பஸ். அங்கிருந்து வடக்கே இ4 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் பழைய சாலை ஒன்று, ஓரத்தில் கல். 2006இல் ரசிகர்கள் முயற்சியில் வைத்தது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம், ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் லாரிகளின் இரைச்சல். கல்லின் மேல்விளிம்பு முழுக்க கிட்டார் பிக்குகள், கம்பியை மீட்டுகிற சின்னத் தகடுகள். நனைந்து சாயம் போனவையும் உண்டு, புதியவையும் உண்டு. கீழே காய்ந்த பூ, ஒரு ஃபின்லாந்துக் கொடி, திறக்காத ஒரு பீர் டின். கல்லில் பொறித்திருப்பது கிளிஃப் எழுதி வைத்திருந்த வரி. அவர் போன பிறகு 1988 ஆல்பத்தில் அதைப் பேச்சாகச் சேர்த்தார்கள். யுங்பியில் 2022இல் அவருக்கென்று ஒரு சிறு அருங்காட்சியகமும் திறந்தார்கள். என்றைக்குத் திறந்திருக்கும் என்று முன்பே பார்த்துக்கொண்டு போங்கள்.

நான் போனபோது ஹெல்சின்கி வரிசையில் பார்த்த இரண்டு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிவைத்து வரவில்லை. ஒருவர் போனில் 'ஓரியன்' போட்டார். எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு, வார்த்தையே கிடையாது, நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் நடக்கிற இடம் வருமே, அதுவரை நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை.

ஒரு குழுவைத் தொடர்வது என்றால் எனக்கு இதுவும் சேர்த்துத்தான். மேடையில் பார்ப்பது இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது இந்தச் சாலைகள்தான்.

கொங்கு_பேஸ்

அண்ணா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நான் பேஸ் எடுத்ததே 'ஓரியன்' அந்த நடுப்பகுதிக்காகத்தான். அது கிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேஸ் என்று ஒரு சீனியர் சொல்லித்தான் தெரியும்.

யூலாந்துக்காரன் (ஹேர்னிங்)

வணக்கம் அண்ணை. நான் டென்மார்க்கில் வளர்ந்தவன், கோபன்ஹேகன் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறன். லார்ஸ் பிறந்தது அங்கே பக்கத்தில் கென்டொஃப்டவில். 'ரைட் தி லைட்னிங்', 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' இரண்டும் பதிவானது கோபன்ஹேகன் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில், ஃப்ளெமிங் ராஸ்முசன் என்ற டேனிஷ்காரரோடு. 2017 பிப்ரவரியில் ராயல் அரீனாவைத் திறந்து வைத்ததும் இவர்கள்தான். அதனால் எங்கட சனம் மெட்டாலிகாவைப் பாதி டேனிஷ் குழு என்றே கதைப்பார்கள்.

2024 ஜூனில் பார்க்கன் அரங்கில் நானும் இருந்தன். லார்ஸின் தகப்பன் டோர்பென் உல்ரிக், டென்னிஸ் வீரர், 2023 டிசம்பரில் தனது 95ஆவது வயதில் காலமானவர். அதற்குப் பிறகு லார்ஸ் சொந்த ஊரில் வாசித்த முதல் கச்சேரி அது. அவர் எழும்பி நின்று டேனிஷில் கதைத்தால் வழமையாகச் சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். அந்த முறை எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான மனிதர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, டென்மார்க்கில் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். மற்ற ஊர்களில் கவனம். என் மச்சான் ஒரு மறுவிற்பனைத் தளத்தில் இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி, வாசலில் அது செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்.

பழைய_கேசட்

வடக்கு, நீங்கள் எழுதியது எனக்கும் உறைத்தது. செலவு பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் கொங்கு அந்தக் கல்லைப் பார்க்கப் போனால், என் சார்பில் ஒரு பிக் வைக்க வேண்டும். 1988இல் சென்னையில் ஒரு நண்பன் பதிவு செய்து கொடுத்த கேசட்டில்தான் கிளிஃபை முதலில் கேட்டேன். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பதே அப்புறம்தான் தெரிந்தது. பிக்கைத் தபாலில் அனுப்புகிறேன்.

ரயில்சிநேகி

அப்படியானால் வழி இப்படிப் போகலாமே. பிராங்க்பர்ட் இரண்டு இரவு, பெர்லின் 30, அங்கிருந்து ஹாம்பர்க் வழியாகக் கோபன்ஹேகனுக்கு ரயில், அப்புறம் அல்வெஸ்டா. சூரிச்சை விட்டுவிடலாம், அல்லது நண்பர் மட்டும் போய்விட்டு பெர்லினில் சேர்ந்துகொள்ளட்டும். பிராங்க்பர்ட்டிலிருந்து சூரிச் சுமார் நாலு மணி நேரம்தான். பொலோனியா இந்த வழிக்கு நேரெதிர்த் திசை.

விசா: ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன் எல்லாம் ஷெங்கன், ஒரே விசா போதும். அதிக நாள் தங்குகிற நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் கணக்கில் அது ஜெர்மனி. கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். கச்சேரி டிக்கெட், ரயில் வழி, தங்குமிடம் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதி மேலே வையுங்கள், அதிகாரிக்கு உங்கள் பயணம் ஒரே பார்வையில் புரியும். டப்ளின், லண்டன் இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே. அவை இரண்டுக்கும் சேர்த்து இந்தியர்களுக்குப் பொது விசா ஏற்பாடு உண்டு, ஆனால் அது தனி விண்ணப்பம்.

நெய்தல்

ரயில் பாஸ் விஷயம். ஐரோப்பாவில் வசிக்கிறவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு யூரெயில். கொங்கு, நீங்கள் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். பாஸ் இருந்தாலும் ஸ்வீடன் அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாக முன்பதிவு தேவை. டிக்கெட்டுக்கு இசைக்குழுவின் ஃபிஃப்த் மெம்பர் ரசிகர் மன்றத்தில் சேருங்கள், இலவசம்தான். முன்விற்பனை அவர்களுக்கு முதலில் திறக்கும்.

ஊருக்கு ஒரு போஸ்டர் போடுவார்கள், அந்தந்த ஊரில்தான் கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் சுருட்டி வைக்க ஒரு குழாய் கொண்டு போங்கள். கச்சேரிக்கு முந்தின நாள் ஊருக்குள் திறக்கும் கடையிலேயே வாங்கிவிட்டால் ஸ்டேடியத்துக்குள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கொங்கு_பேஸ்

முடிவு செய்துவிட்டேன். பிராங்க்பர்ட் இரண்டு இரவு, பெர்லின், அப்புறம் டோரார்ப். நண்பன் சூரிச்சுக்கும் போகிறான். கேசட் அண்ணா, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். யூலாந்து அண்ணா, கோபன்ஹேகனில் ஒரு நாள் தங்குவேன், அந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள்.

வடக்கு_வண்டி

நல்லது தம்பி. பிராங்க்பர்ட்டில் விமான நிலையத்துக்கும் மெயின் ஸ்டேஷனுக்கும் இடையில்தான் ஸ்டேடியம். எஸ்8, எஸ்9 நகர ரயில்கள் இரண்டும் 'ஷ்டாடியோன்' நிலையத்தில் நிற்கும், அந்தப் பாதையிலேயே தங்குமிடம் பாருங்கள். இரண்டாவது இரவு ஞாயிறு. அடுத்த நாள், மே 25, பெந்தெகொஸ்தே திங்கள், ஜெர்மனி முழுக்க விடுமுறை. இரண்டு நாளும் கடைகள் அடைத்திருக்கும், ரயில்கள் நிரம்பி வழியும். சாப்பாட்டுக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள், பெர்லின் ரயிலுக்கு இருக்கை இப்போதே போடுங்கள். இரண்டு இரவும் வடக்கு வாசல் பக்கம் வரிசையில் இருப்பேன், வந்து பாருங்கள்.